சொத்து வரி ரசீதில் ஒரு நூலகம்

ஆண்டுக்கு இரண்டு முறை நாம் எல்லோரும் சொத்து வரி கட்டுகிறோம். முன்பெல்லாம் வரி வசூலிப்பவர் ரசீதுப் புத்தகத்தோடு வீட்டுக்கே வருவார். இப்போது பெரும்பாலோர் செல்போனிலேயே கட்டிவிடுகிறோம். ரசீது எங்கோ பதிவிறக்கமாகிக் கிடக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. அடுத்த அரையாண்டு கட்டும்போது ஒரு நிமிடம் அதை யோசித்துப் பாருங்கள். நீங்கள் கட்டும் தொகைக்குள் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சொத்து வரி ரூபாய் ஒன்றுக்கு 10 பைசா வீதம் இது வசூலாகிறது. ஆயிரம் ரூபாய் சொத்து வரி என்றால் நூறு ரூபாய் நூலகத்துக்கு.

வங்கியில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு எந்தத் தலைப்பில் பணம் போகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. புத்தகம் படிப்பது நல்லது என்று நாம் எல்லோருமே பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதியிருக்கிறோம். ஆனால் அடுத்தவர் படிப்பதற்காக ஊரே சேர்ந்து வரி கட்ட வேண்டும் என்று ஒரு காலத்தில் சிலர் ஏன் பிடிவாதமாக நின்றார்கள்? அந்த வரலாற்றைப் பார்த்தால், வாசிப்பு ஒரு மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது விளங்கும். நம் குடியிருப்பிலும் இது தொடர்பாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொத்தனார் வேலை பழகியவர் கேட்ட வரி

நூலக வரி என்ற யோசனை நம் ஊரில் பிறந்ததல்ல. அதைத் தேடிப் போனால் 1850ஆம் ஆண்டு இங்கிலாந்தில் போய் நிற்போம். அந்த ஆண்டுதான் அந்நாட்டு நாடாளுமன்றம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. மசோதாவைக் கொண்டுவந்தவர் வில்லியம் எவார்ட் என்ற உறுப்பினர். அவருக்குப் பின்னால் இருந்து புள்ளிவிவரம் திரட்டிக் கொடுத்தவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ்.

இந்த எட்வர்ட்ஸ் 1812இல் லண்டனில் பிறந்தவர். அப்பாவைப் போல இவரும் இளமையில் கொத்தனார் வேலை பழகினார். பெரிய படிப்பு எதுவும் கிடையாது. கிடைத்த நேரத்தில் தானாகப் படித்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பு அறைக்கு வாசகராகப் போனார். அங்கிருந்த குறைகளை எழுதி ஒரு சிறு நூலாகவே வெளியிட்டார். 1839இல் அதே மியூசியத்தில் உதவியாளர் வேலையும் கிடைத்தது. ஐரோப்பிய நகரங்களில் மக்களுக்கு எத்தனை நூலகங்கள் இருக்கின்றன, இங்கிலாந்தில் எவ்வளவு குறைவு என்று கணக்கெடுத்து நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. வரி கட்டுபவன் பணத்தில் தொழிலாளி கதை படிப்பதா என்று கேட்டார்கள். சிப்தார்ப் என்ற உறுப்பினர் ஒருபடி மேலே போய், தனக்குப் படிப்பதே பிடிக்காது, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதே வெறுத்தேன் என்று சபையிலேயே சொன்னார்.

கடைசியில் சட்டம் வந்தது. வரி எவ்வளவு தெரியுமா? சொத்தின் மதிப்பில் ஒரு பவுனுக்கு அரைப் பென்னி. அந்தக் காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. ஆக 480இல் ஒரு பங்கு. (நம்முடையது சொத்தின் மதிப்பின் மீது அல்ல, வரியின் மீது போடப்படுவது. அதனால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.) ஊரில் வரி கட்டுபவர்களிடம் வாக்கெடுத்து, மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால்தான் அதையும் வசூலிக்கலாம். இன்னொரு வேடிக்கை, அந்தப் பணத்தைக் கட்டிடத்துக்கும் ஊழியர்களுக்கும் செலவழிக்கலாம், புத்தகம் வாங்கக் கூடாது! புத்தகங்களை யாராவது நன்கொடையாகத் தர வேண்டும். 1855இல்தான் வரியை ஒரு பென்னியாக உயர்த்திப் புத்தகம் வாங்கவும் அனுமதித்தார்கள்.

1852இல் மான்செஸ்டரில் இலவச நூலகம் திறக்கப்பட்டபோது எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் விழாவுக்கு வந்திருந்தார். அதன் முதல் நூலகர் நம் எட்வர்ட்ஸ்தான். சில ஆண்டுகளில் நிர்வாகக் குழுவோடு ஒத்துப்போகாமல் வேலையை இழந்தார். கடைசிக் காலம் வறுமையில்தான் கழிந்தது. ஆனால் தான் ஏறிவந்த ஏணியை மற்றவர்களுக்கும் பொதுவாக வைத்துவிட்டுப் போனார்.

நூலகம் இல்லாத பேட்டையில் ஒரு வாசகர்

அதே காலத்துச் சென்னைக்கு வருவோம். இங்கே எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பர் 5ஆம் தேதி திறக்கப்பட்டது. இன்றும் கம்பீரமாக நிற்கிறது. தஞ்சாவூரில் மன்னர்கள் சேர்த்த சரஸ்வதி மகால் நூலகம் 1918இல் பொதுமக்களுக்கு உரியதானது. இவை பெருமைக்குரியவைதான். ஆனால் ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை ஒரு நூலகம் என்ற ஏற்பாடு அன்று கிடையாது. பணமில்லாதவனுக்குப் படிக்கும் ஆசை வந்தால் அவன் பாடு திண்டாட்டம்தான்.

அப்படித் திண்டாடிய ஒருவரை நம் எல்லோருக்கும் தெரியும். ம.பொ.சிவஞானம் 1906இல் சென்னையில் பிறந்தார். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. கூலி வேலைகள் செய்தார், பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குப் போனார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கும்போது கண்ணில் படும் வரிகள் எல்லாம் படிப்புதான். புத்தகம் வாங்க வசதி இல்லாததால் பழைய புத்தகக் கடைகளில் தேடி மிகக் குறைந்த விலைக்கு வாங்கினார். சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பல வேளை பட்டினி கிடந்ததை அவரே தம் வாழ்க்கை வரலாறான 'எனது போராட்ட'த்தில் பதிவு செய்திருக்கிறார். பழைய புத்தகம் என்றால் அன்று மூர் மார்க்கெட்தான். நம்மில் மூத்தவர்கள் அங்கே பேரம் பேசியிருப்பார்கள். 1985 தீ விபத்தில் அது போய்விட்டது.

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறையில் இருந்தபோது அவர் சிலப்பதிகாரத்தில் மூழ்கினார். உடல்நிலை மோசமான நாட்கள் அவை. வெளியே வந்தபின் மேடை மேடையாகச் சிலம்பைப் பேசினார். ரா.பி.சேதுப்பிள்ளை அவரைச் 'சிலம்புச் செல்வர்' என்றார். கட்டபொம்மனையும் வ.உ.சி.யையும் பற்றி அவர் எழுதிய நூல்கள் அந்தப் பெயர்களைப் பட்டிதொட்டிக்குக் கொண்டு சென்றன. மாநிலங்கள் பிரிந்தபோது சென்னைக்காகவும் திருத்தணிக்காகவும் வாதாடியவர்களில் முன்னால் நின்றார். வள்ளலார் பற்றிய நூலுக்கு 1966இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார். சட்டமன்ற மேலவையின் தலைவராகவும் இருந்தார். எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவர்.

இந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் பெருமிதம் வரும். எனக்குக் கூடவே ஒரு கவலையும் வரும். பட்டினி கிடந்து புத்தகம் வாங்க ஒரு ம.பொ.சி.யால் முடிந்தது. அந்த அளவுக்கு வைராக்கியம் இல்லாத, ஆனால் அதே அளவு ஆர்வம் இருந்த எத்தனை பையன்களும் பெண்களும் அந்தப் பேட்டைகளில் படிக்கக் கிடைக்காமலே போயிருப்பார்கள்? அவர்களுடைய கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

கணக்கு வாத்தியார் லண்டன் போனார்

அந்தக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு விண்ணப்பித்தார். நூலகத் துறை பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், நேர்காணலுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரைதான் என்பார்கள். வேலை கிடைத்தது. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத அந்த இடத்தில் உட்கார முடியாமல், வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பி வைத்தார்கள்.

அங்கே போனதும் அவர் எண்ணம் மாறியது. நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். எட்வர்ட்ஸ் காலத்துச் சட்டத்தால் வளர்ந்த நூலகங்கள்தான் அவற்றில் பல. தொழிலாளிகளும் குடும்பப் பெண்களும் குழந்தைகளும் உரிமையோடு வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். 1925இல் ஊர் திரும்பியவர் அதன்பின் கணக்கு வகுப்புக்குப் போகவே இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்களே அலமாரியில் தேடி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1931இல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. இன்றும் உலகமெங்கும் நூலகம் படிக்கும் மாணவர்கள் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவற்றின் சாரம் எளிமையானது. புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகமும் அதற்கான வாசகரைச் சேர வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்.

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். வாசகரால் வர முடியாவிட்டால் புத்தகம் போகட்டும் என்ற அந்த எண்ணம் எவ்வளவு பெரியது!

தனி மனிதர்களின் நல்ல மனதை மட்டும் நம்பினால் வண்டி ஒருநாள் நின்றுவிடும். நிரந்தர வருமானம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் அதைக் காதில் வாங்கினார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுதான் முதல் பொது நூலகச் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியையும் உள்ளாட்சி வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத் தர வேண்டும். முதலில் குறைவாக இருந்த வீதம் உயர்ந்து இன்று 10 பைசாவில் நிற்கிறது.

காமராசர் காலத்தில் கல்வித் துறையை நடத்திய நெ.து.சுந்தரவடிவேலு, நூலகப் பொறுப்பையும் சேர்த்துக் கவனித்தார். சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் கிளை நூலகம் வந்தது. இன்று மாநிலத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டதை எல்லோரும் அறிவோம். ரங்கநாதனோ 1950களில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்து விளங்கும்படி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகவியல் கல்விக்காகக் கொடுத்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம் என்றால் என்ன என்று கணக்குத் தெரிந்தவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

எந்தப் பட்டியலிலும் ஏறாத வரவு

வாசிப்பால் எல்லோரும் ம.பொ.சி. ஆகிவிட மாட்டோம். சாதாரண மனிதனுக்கு அது என்ன செய்யும் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் இறுதியில் எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றல் வந்தது. குடும்பம் சொந்த ஊரில். மாலையானால் ஒன்று லாட்ஜ் அறை, இல்லாவிட்டால் அந்த ஊர்க் கிளை நூலகம். சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்கு அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். தேறினேன், இன்கிரிமென்ட் கிடைத்தது. அது சம்பளப் பட்டியலில் தெரிந்த வரவு.

அதே நூலகத்தில்தான் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கைக்கு வந்தது. 1979இல் வெளியான நாவல். உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையை அந்தப் பகுதியிலேயே தங்கி, பார்த்து, விசாரித்து எழுதியிருந்தார். எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் உப்பளத்தில் வேலை செய்பவர்கள் நிறைய. பணம் எடுக்கும் சலானில் போடும் கையெழுத்தும், கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மாதிரிக் கையெழுத்தும் ஒத்துப்போகாது. திரும்பத் திரும்பப் போடச் சொல்வோம், வரிசை நீளும். நாவலைப் படித்து முடித்த பிறகு ஒருநாள் கவுண்டருக்கு வந்த ஓர் அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். உப்பு நீர் அரித்துத் தோல் வெடித்திருந்தது. பேனாவை மடக்கிப் பிடிக்கவே முடியவில்லை. கையெழுத்து எப்படி ஒரே மாதிரி வரும்? தலைமை எழுத்தரிடம் பேசி, அப்படிப்பட்டவர்களைத் தனியாக உட்கார வைத்துப் புதிய மாதிரிக் கையெழுத்து வாங்கி அட்டையில் சேர்த்தோம். விரும்பியவர்களுக்குச் சாட்சியோடு கைரேகை முறைக்கு மாற்றிக் கொடுத்தோம். எல்லாம் விதிகளில் ஏற்கெனவே இருந்ததுதான். விதிப் புத்தகம் எல்லோரிடமும் இருந்தது. அந்தக் கையைப் பார்க்கச் சொன்னது நாவல்.

இந்த வரவை எந்தப் பட்டியலிலும் காட்ட முடியாது. தேர்வுக்குப் படிப்பதும் தேவை, கதை படிப்பதும் தேவை. முன்னது வேலையில் நம்மை உயர்த்தும். பின்னது நம் வீட்டுக்குள்ளும் தெருவிலும் இருப்பவர்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வைக்கும். செல்போனில் நாள் முழுக்க ஏதாவது படித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று என் பேரன் கேட்கிறான். படிக்கிறோம். ஆனால் ஒரே மனிதரின் வாழ்க்கையோடு முந்நூறு பக்கம் கூடவே நடந்துபோவது வேறு.

நம் வாசிப்பு அறை

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். கிளப் ஹவுஸ் மாடியில் இருக்கும் வாசிப்பு அறையைப் பார்சல் வைக்கும் அறையாக மாற்றலாமா என்று கடந்த பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது. செக்யூரிட்டி மேஜையைச் சுற்றிப் பெட்டிகள் குவிந்து, யாருடையது எது என்று தெரியாமல் தினமும் சத்தம் நடக்கிறது. அந்தக் கஷ்டம் உண்மை. வாசிப்பு அறைக்கு அதிகம் பேர் வருவதில்லை என்பதும் உண்மை.

இருந்தாலும் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். காலையில் பேப்பர் பார்க்க மூத்தவர்கள் ஏழெட்டுப் பேர். மாலையில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், வீட்டில் டிவி சத்தம் என்று வருகிறார்கள். இரவுப் பணி முடித்த காவலர் ஒருவர், செயலாளரின் அனுமதியோடு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் அங்கே டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறார். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அந்தக் காவலருக்கு அமைதியான மேஜையும் விளக்கும் வேறு எங்கே கிடைக்கும்?

அதனால் மூன்று யோசனைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலாவது, பார்சல்களுக்குத் தரைத்தளத்தில் செக்யூரிட்டி அறையை ஒட்டிப் பிளாக் வாரியாக இரும்பு ரேக் போடலாம். லிஃப்டில் மாடிக்கு ஏற்றி இறக்குவதைவிட அது கொண்டுவருபவருக்கும் சுலபம், நமக்கும் சுலபம்.

இரண்டாவது, வாசிப்பு அறையின் அலமாரிகளைத் திறந்து வைப்போம். சாவி யாரிடம் என்று தேட வேண்டிய நிலை இருந்தால் யார் வருவார்கள்? ஓய்வு பெற்ற நாங்கள் நான்கைந்து பேர் முறை வைத்து மாலை 6 முதல் 8 வரை இருக்கத் தயார். புத்தகம் எடுப்பவர் பெயரை எழுதி வைக்க ஒரு நோட்டு போதும். லெட்ஜர் எழுதிப் பழகிய கை என்னிடம் இருக்கிறது.

மூன்றாவது, பக்கத்துச் சாலையில் உள்ள அரசுக் கிளை நூலகத்தில் வீட்டுக்கு ஒருவராவது உறுப்பினர் ஆவோம். சிறிய வைப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும்தான். ஒரு தொகை செலுத்திப் 'புரவலர்' ஆகும் ஏற்பாடும் உண்டு. விண்ணப்பங்களை நான் மொத்தமாக வாங்கி வருகிறேன். வேண்டிய புத்தகம் அங்கே இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம். வரி கட்டுபவர்கள் நாம், கேட்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த விஷயம் முடிவுக்கு வரும் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் வாக்களித்தாலும், அதற்கு முன் ஒருநாள் அந்த அறைக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வரும்போது வீட்டில் யாரும் தொடாமல் இருக்கும் நல்ல புத்தகம் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். நோட்டில் வரவு வைத்துக்கொள்கிறேன்.